மேதையின் அப்பா போட்ட வாழைப்பழம்

மேதைப் பிள்ளையைப் பெற்றவனுக்கென்று ஒரு வியாதி இருக்கிறது. டாக்டர்கள் இன்னும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. வைத்தால் மருத்துவ விடுப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்று நானும் காத்திருந்து பார்த்தேன். தொண்ணூறுகளின் கடைசியில், கோல் மார்க்கெட் பக்கத்து அரசுக் குவார்ட்டர்ஸில் அது என்னைப் பிடித்தது. ஆறாம் வகுப்பில் இருந்த என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, ஷூவைக் கழற்றியபடியே, "பா, நான் கிஃப்டட்டாம்" என்றாள். ஸ்கூலில் ஊசி போட்டார்கள் என்று சொல்கிற அதே குரல்.

தில்லியின் பல பள்ளிக்கூடங்களில் பரீட்சை வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கி, சனிக்கிழமைதோறும் வரச்சொல்லி, இருக்கிற அறிவை இன்னும் கொஞ்சம் தீட்டி அனுப்பும் வகுப்பு அது. பொறுக்கும்போது எங்கோ கை தவறிவிட்டது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. என் ரத்தத்தை எனக்குத் தெரியாதா. பத்தாம் வகுப்புக் கணக்கில் நான் தேறியது, இவனை இன்னொரு வருஷம் பார்க்க முடியாது என்று வாத்தியார் எடுத்த சொந்த முடிவு.

"பொண்ணு பாஸாயிருக்கா, உங்களுக்கு எதுக்குங்க வேர்க்குது?" என்றாள் மனைவி.

"ஆள் மாத்தி எடுத்துட்டாங்களோன்னு பாக்கறேன்."

"அதெல்லாம் சரியாத்தான் எடுத்திருக்காங்க. அவ எங்க வீட்டுப் பக்கம்."

மதுரையில் அவள் வீட்டுப் பக்கம் யார் மேதை என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு வீட்டில் பூரி.

சனிக்கிழமை வகுப்பில் நடந்ததை எல்லாம் வீட்டுக்கு வந்து ஒப்பிப்பாள். குளிர்பானம் உறிஞ்சும் குழல்களை ஒட்டிப் பாலம் கட்டி அதன்மேல் செங்கல்லை ஏற்றினார்களாம். முட்டையைப் பஞ்சிலும் பேப்பரிலும் பொதிந்து மாடியிலிருந்து உடையாமல் போட்டார்களாம். பதிலே இல்லாத ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு மத்தியானம் வரை விவாதித்தார்களாம். இதைத்தானே நாங்கள் அமைச்சகத்தில் வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருக்கிறோம், எங்களை யாரும் மேதை என்று கூப்பிட்டதில்லையே என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரம், எறும்பு எழுதுவதுபோல் மனிதர்கள்மேல் ஒரு புகார் மனு எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். இதில் நான் கரை கண்டவன். "முதல்ல உரிய வழியாகன்னு போடு" என்று ஆரம்பித்தேன்.

"எறும்புக்கு மேல ஆபீசர் யாரும் இல்ல பா."

"அப்ப மனுவை மேல யார் அனுப்புவாங்க?"

அவள் என்னைச் சற்று நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது பரிதாபம் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. எவருக்கும் தெரியாமல் ஒருநாள் குழல் பாலம் ஒன்றை நானும் கட்டிப் பார்த்தேன். செங்கல் எல்லாம் வேண்டாம் என்று அடக்கமாக டீ டம்ளரை வைத்தேன். மறுநாள் ஆபீசில் ஒரு கோப்பு டீ வாசனையோடு மேலே போயிற்று.

பிள்ளைகள் உள்ளே தீட்டப்படும்போது பெற்றவர்கள் நாங்கள் வெளியே புல்தரையில், குளிர்கால வெயிலில், வறுத்த வேர்க்கடலையை உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பேச்சு பூராவும் பணிவு. "எங்க பையன் ஒண்ணும் பெரிசா இல்ல ஜி, ஏதோ எட்டாம் வகுப்புக் கணக்கைத் தானா போட்டுக்கிட்டிருக்கான்" என்கிற மாதிரியான பணிவு. இந்தப் பணிவில் முதலிடம் கரோல்பாகிலிருந்து வரும் ஒரு சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் அப்பாவுக்கு. அவருக்கு முன்னால் நான் வாயைத் திறப்பதே இல்லை. கடலை தின்பதற்கு மட்டும் திறப்பேன்.

டிசம்பர் தொடக்கத்தில் பெரிய திட்டம் வந்தது. வகுப்பை நடத்திய மேடம், கைத்தறிப் புடவையும் கேன்வாஸ் ஷூவும் போட்ட கறார் மனுஷி, எங்களை எல்லாம் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். ஒவ்வொரு குழந்தையும் தன் காலனியில், அக்கம்பக்கத்தில் யாருக்கும் விடை தெரியாத ஒரு கேள்வியை எடுக்க வேண்டும். விடையைத் தானே தேட வேண்டும். மார்ச்சில் பார்வையிட ஆள் வருவார்கள். தேறுகிற பிள்ளைகளுக்கு மட்டும் கோடையில் மலையடிவாரக் காட்டில் முகாம். யானை பார்க்கலாம், காட்டு விலங்குகளை ஆராய்கிறவர்களோடு நடக்கலாம். பெற்றோர் உதவியது தெரிந்தால் திட்டம் அந்த இடத்திலேயே தள்ளுபடி. உதவ மாட்டோம் என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம்.

கையெழுத்துப் போட்ட பேனாவை மூடிக்கொண்டே கரோல்பாக் அப்பா என் காதருகே குனிந்தார். "பாய் சாப், நான் கை வைக்கவே மாட்டேன். மாடல் செய்யற கடைக்காரன் வைப்பான்."

என் மகளுக்குக் காடுதான் கணக்கு. அன்று முதல் டார்ச் லைட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள். யானை எவ்வளவு தூரத்தில் வரும், முகாமுக்குத் தொப்பி அவசியமா, போகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் கிடைக்குமா என்று அம்மாவைக் குடைந்தாள். தேறாவிட்டால் என்ன ஆகும் என்று மட்டும் அவள் கேட்கவே இல்லை. அந்தக் கேள்வியை அவளுக்காக நான் எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில், ஆபீசில், குளிக்கும்போது, அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் எடுத்த கேள்வி இது: "நம்ம குவார்ட்டர்ஸுக்கு வர்ற பந்தர்ங்க, எந்த வீட்டுக்குப் போகணும்னு எப்படி பா முடிவு பண்ணுது?"

எனக்குக் குரங்கு என்றால் ஆகாது. எங்களுக்குப் பின்னாலிருக்கும் ரிட்ஜ் காட்டிலிருந்து அவை கூட்டமாக இறங்கி வரும். எங்கள் அமைச்சக வராந்தாவில் ஒன்று என் டிபன் டப்பாவை என் கையிலிருந்தே வாங்கி, மூடியைத் திறந்து, தயிர் சாதத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்திருக்கிறது. அந்த அவமானம் லேசில் ஆறாது.

"மழைத் தண்ணியைச் சேமிக்கறது எப்படின்னு எடேன். கவர்மென்ட்ல நல்ல மதிப்பு."

"அதுக்கு எல்லாருக்கும் ஆன்சர் தெரியும் பா. செய்யத்தான் மாட்டாங்க."

எங்கள் குவார்ட்டர்ஸ் வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். செவ்வாய்க்கிழமை அனுமாருக்கு உகந்த நாள் என்று வடக்கத்திக் குடும்பங்கள் வாசலில் வாழைப்பழமும் ஊறவைத்த கறுப்புக் கடலையும் வைப்பார்கள். குரங்குகள் வந்து தின்றுவிட்டுப் போகும். புதன்கிழமை அதே குடும்பங்கள் குரங்குத் தொல்லை தாங்கவில்லை என்று மனு எழுதும். தமிழ்க் குடும்பங்களான எங்களுக்கு ஆஞ்சநேயர் சனிக்கிழமை. ஆனால் நாங்கள் விவரமானவர்கள். வடையை மாலையாகக் கோத்து, கோவிலில் சாமி கழுத்தில் சாத்தி, இறக்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து நாங்களே தின்றுவிடுவோம். குரங்குக்கு ஒரு துணுக்கும் தேறாது.

மகள் காலையில் பள்ளிக்கூடம் போகுமுன்பும் சாயங்காலமும் மொட்டை மாடியில் ஏறி உட்கார்ந்தாள். ஒரு சார்ட்டில் எல்லா வீடுகளையும் கட்டமாக வரைந்து, குரங்கு நின்ற வீட்டில் ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்தாள். சில வாரங்களில் படம் தெளிவாகிவிட்டது. செவ்வாயன்று புள்ளிகள் எல்லாம் வடக்கத்தி வாசல்களில். மற்ற நாட்களில் அந்த வாசல்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விடும். தமிழ் வீடுகளை எந்த நாளிலும் சீண்டுவதில்லை. கொடுக்கிற வீடு எது, கொடுக்காத வீடு எது என்று அவற்றுக்கு நினைவிருக்கிறது. கொடுக்காத வீட்டில் அவை நேரத்தை வீணாக்குவதில்லை. இதுதான் அவள் ஊகம். எங்கள் கட்டம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. தமிழன் என்ற முறையில் கொஞ்சம் உறுத்தியது. குரங்குக்குப் பயந்தவன் என்ற முறையில் நிம்மதி.

அப்போதுதான் கரோல்பாக் அப்பா புல்தரையில் தன் மகனுடைய திட்டத்தின் போட்டோவைக் காட்டினார். சூரிய சக்தியில் ஓடும் முழு நகரம். விளக்கு எரிகிறது, ரயில் ஓடுகிறது, ஆஸ்பத்திரிக் கூரையில் ஹெலிகாப்டர் நிற்கிறது. "உங்களோடது ஜி?" என்றார். ஒரு சார்ட், அதில் புள்ளி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. "ஓடிக்கிட்டிருக்கு" என்றேன். நெஞ்சுக்குள் உண்மையாகவே ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வரும் வழியிலேயே வேண்டிக்கொண்டேன். உதவக் கூடாது என்று கையெழுத்துப் போட்டவனுக்கு மிச்சமிருப்பது சாமிதானே. ஆனால் என் மூளை சும்மா வேண்டிக்கொள்ளுமா. பிரச்சினை குரங்கு சம்பந்தப்பட்டது. ஆகவே சம்பந்தப்பட்ட துறை ஆஞ்சநேயர். மேலிடத்துக்கு மனு போகும்போது கீழே உள்ள சிப்பந்திகளையும் கவனித்துக்கொள்வது நம் ஊர் நடைமுறை. ஆகவே திட்டம் முடிகிற வரை தினமும் காலையில், அவருடைய ஆட்களுக்கு நம் வீட்டுப் பின்பால்கனியில் வாழைப்பழமும் கடலையும். இப்படி ஓர் உத்தரவை எனக்கு நானே பிறப்பித்துக்கொண்டேன். பயத்துக்கு ஒரு குணம் உண்டு: வந்தவுடன் ஆபீஸ் மொழியில் பேசத் தொடங்கிவிடும்.

மகள் பள்ளி பஸ்ஸுக்குப் போன பிறகு, மனைவி பால் பூத்துக்குப் போன இடைவெளியில், நீளமான கரண்டியில் பழத்தை வைத்துப் பால்கனிச் சுவருக்கு நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டேன். கண்ணை மூடியது பக்தி பாதி, பயம் மீதி.

சிப்பந்திகள் முதல் நாள் ஒருவராக வந்தார்கள். பிறகு குடும்பத்தோடு. அப்புறம் நான் ஆபீஸ் போன பின்பும் இருந்தார்கள். மனைவி காயப்போட்ட வடகத்தைக் காணவில்லை. என் கால்சட்டை ஒன்று வேப்பமரத்தில் ஏறிவிட்டது. சமையலறைக்குள் வந்த ஒன்று ஃபிரிட்ஜைத் திறந்து, உள்ளே பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்பதுபோல் மூடிவிட்டுப் போனதாம். "என்னங்க இது, இம்புட்டு வருஷமா எட்டிப் பாக்காததுக, இப்ப நம்ம வீட்டையே சுத்துதுக?" என்றாள் மனைவி. "சீசன்" என்றேன்.

மகள் மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்தபோது முகம் செத்திருந்தது. எங்கள் கட்டம் முழுக்கப் புள்ளி. கொடுக்காத வீட்டில் தினமும் குரங்கு.

"என் ப்ராஜெக்ட் கெட்டுப் போச்சு பா. நான் நெனச்சது தப்பு. பந்தர்ங்க ரூலே இல்லாமத்தான் சுத்துது. நான் கேம்ப் போக முடியாது."

அழுதுகொண்டே டார்ச் லைட்டை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டாள். ஒரு சாதாரண மனிதனாக இருந்தால் இந்த இடத்தில் இரண்டையும் இரண்டையும் கூட்டியிருப்பான். நான் மேதையின் அப்பா. ஆஞ்சநேயருக்கு நாம் போடுவது போதவில்லை என்று முடிவு செய்து, மறுநாளிலிருந்து இரண்டு மடங்காக்கினேன்.

பனிமூட்டத்துக்காகப் பள்ளிக்கூடங்களை மூடிய ஒரு காலையில் மாட்டிக்கொண்டேன். அவள் போர்வைக்குள் கிடக்கிறாள் என்று நினைத்து நான் கரண்டியை நீட்டினேன். காலியாகக் கிடந்த ஏர்கூலரின் மேல் பெரிய கடுவன் குரங்கு ஒன்று உட்கார்ந்திருந்தது. "அப்பனே, எப்படியாவது பாப்பாவைத் தேத்தி விட்டுரு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். மேலே மொட்டை மாடிச் சுவரிலிருந்து குரல் வந்தது.

"அப்பா. அது யார்கிட்ட பேசறீங்க?"

கரண்டி கீழே விழுந்தது. கடுவன் அதையும் எடுத்துக்கொண்டு போயிற்று.

அழுவாள், கத்துவாள் என்று பயந்தேன். அவள் இறங்கி வந்து எனக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். தணிக்கைக் குழுவுக்கு முன்னால்கூட நான் அப்படி நின்றதில்லை.

"எப்பலேர்ந்து?"

சொன்னேன்.

"டெய்லி எத்தனை மணிக்கு? எத்தனை பழம்?"

சொன்னேன். இரட்டிப்பாக்கியதையும் சொன்னேன்.

"அச்சா, ஏன் டபுள் பண்ணீங்க?"

"நீ அழுத இல்ல."

"நான் அழுததே நீங்க போட்டதாலதான் பா."

சத்தம் கேட்டு வந்த மனைவி வாசற்படியில் நின்றபடி, "அப்ப சீசன் நீங்கதானா?" என்றாள்.

மகள் மட்டும் சார்ட்டை விரித்து, நான் பழம் போட்ட தேதிகளைப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் குறித்தாள். பிறகு மெல்ல அவள் முகம் தெளிந்தது. கொடுக்காத வீடு கொடுக்கிற வீடாகிவிட்டது. உடனே குரங்குகள் வந்துவிட்டன. ஊகம் தப்பில்லை. "இப்ப நிறுத்துங்க பா. நிறுத்தினா எவ்வளவு நாள் தேடி வருதுன்னு பாக்கலாம். இது முன்ன விட பெட்டர்."

நிறுத்துவதா? திட்டம் முடிகிற வரை என்றல்லவா வேண்டுதல். நிறுத்தினால் சாமி குத்தம், நிறுத்தாவிட்டால் பெண்ணுக்குக் காடு கிடையாது. அன்று ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டேன். கடைசியில் மனைவிதான் தீர்ப்புச் சொன்னாள். "அவ தேறணும்னுதான வேண்டிக்கிட்டீங்க? தேறணும்னா நிறுத்தணும். அந்தப் பழத்தைக் கோயில்ல கொண்டுபோய்க் கொடுங்க. சாமிக்கு இதெல்லாம் புரியும். புரியாத ஆள் இந்த வீட்ல ஒருத்தர்தான்."

நிறுத்தினேன். முதலில் அவற்றுக்குக் கோபம் வந்தது, பூந்தொட்டிகள் போயின. பிறகு சந்தேகம், பால்கனிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து நான் பல் தேய்ப்பதைப் பார்த்தன. அப்புறம் மறதி. என் மேலதிகாரிகள் ஒவ்வொருவரும் என்னிடம் நடந்துகொண்ட அதே வரிசை. நான் அந்த நாட்களில் ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு குளியலறையில் பேப்பர் படித்தேன். மொட்டை மாடியில் அவள் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். டார்ச் மறுபடி தலைமாட்டுக்கு வந்துவிட்டது.

மார்ச்சில் பார்வையிடும் நாள் வந்தது. நீளமான கூடத்தில் மேசைக்கு மேசை விளக்கு எரிந்தது, தண்ணீர் ஓடியது. சூரிய நகரத்தைச் சுற்றி ஒரே கூட்டம். பார்வையிட வந்தவர் விலங்கியல் பேராசிரியர், நரைத்த தாடிக்காரர். "ராத்திரி ஆனா இந்த ரயில் எப்படி ஓடும்?" என்று அந்தப் பையனைக் கேட்டார். பையன் அப்பாவைப் பார்த்தான். அப்பா கண்ணாலேயே கடைக்காரனைத் தேடினார்.

எங்கள் மேசைக்கு வந்து சார்ட்டை உற்றுப் பார்த்தார் பேராசிரியர். பார்த்தவர் நகரவில்லை. "முதலில் எதுவும் கொடுக்காமல், பிறகு கொடுத்து, பிறகு அதிகமாக்கி, பிறகு நிறுத்தி... பிரமாதமான சோதனை. யாருடைய யோசனை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"எங்கப்பா கொடுத்தார்" என்று அவள் நேராகச் சொல்லிவிட்டாள்.

மேடத்தின் முகம் இறுகியது. "பெற்றோர் கை வைக்கக் கூடாது என்பது விதி. உன் அப்பா உதவினாரா?"

"உதவல மேடம். கெடுத்தார்."

கூடத்தில் சிலர் திரும்பினார்கள். மேடம் என்னை முன்னால் வரச் சொன்னார். பேராசிரியர் கேட்டார்: "இப்படி ஒரு சோதனையை நீங்கள் யோசித்து அமைத்தீர்களா?"

சுற்றிலும் அப்பாக்கள். கரோல்பாக் அப்பாவும் இருந்தார். எல்லோரும் என்னை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார்கள். வாழ்க்கையில் யாரும் என்னைப் பார்த்துக் கேட்காத கேள்வி அது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் நான் மேதை. அவளுக்குக் காடு இல்லை. இல்லை என்றால் ஏன் போட்டாய் என்று கேட்பார்கள். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லவேளை, பயம் வந்தால் எனக்கு உண்மையைத் தவிர வேறெதுவும் வாயில் வராது. பொய் சொல்ல நிதானம் வேண்டும்.

"மன்னத் ஜி" என்றேன். வேண்டுதல் என்பதை இந்தியில் அப்படித்தான் சொல்வார்கள்.

"எதற்கு?"

"இவ தேறணும்னு."

"குரங்கு ஆராய்ச்சி தேறுவதற்காக, அந்தக் குரங்குகளுக்கே சாப்பாடு போட்டீர்கள்."

"ஜி."

"எண்ணிக்கை குழம்பியது உங்களுக்குத் தெரியுமா?"

"அழுதா ஜி. அதனாலதான் டபுள் பண்ணேன்."

"ஏன்?"

"பத்தலையோன்னு."

கூடமே சிரித்தது. கரோல்பாக் அப்பா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் நிறுத்தவில்லை, சிரிப்பு எனக்குச் சாதகமாகத்தான் வேலை செய்கிறது என்று முதல்முறையாகப் புரிந்தது. நீளக் கரண்டி, கண்ணை மூடிக் கும்பிட்டது, கடுவன் கரண்டியோடு போனது, குளியலறையில் பேப்பர் படித்தது எல்லாவற்றையும் பாதி இந்தியிலும் மீதி தமிழிலும் நடித்தே காட்டினேன். எனக்குச் சோதனை என்றால் என்னவென்றே தெரியாது என்பதற்கு இதைவிட வலுவான சாட்சியம் எந்த நீதிமன்றத்திலும் கிடைத்திருக்காது. மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவர் உதவியிருக்க வாய்ப்பே இல்லை" என்று பேராசிரியரிடம் சொன்னார். நான் வாங்கிய நற்சான்றுகளில் அதுதான் சிறந்தது, எழுத்தில் கேட்டிருக்கலாம்.

பேராசிரியர் மகளிடம் வெகுநேரம் பேசினார். கெட்டுப்போனது தெரிந்ததும் ஏன் பழைய புள்ளிகளை அழிக்கவில்லை என்று கேட்டார். "அதுவும் நடந்ததுதானே" என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு எதையோ குறித்துக்கொண்டார். சாயங்காலம் முகாமுக்குப் போகிறவர்களைப் படித்தபோது அவள் பெயரும் இருந்தது. அவள் குதிக்கவில்லை. என் சட்டைக் கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான்தான் கொஞ்சம் குதித்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போது சார்ட்டைச் சுருட்டி மடியில் வைத்திருந்தாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. ஒருவகையில் நான் பழம் போட்டதால்தானே அந்தத் தாடிக்காரருக்குப் பிடித்தது என்று ஒரு சபலம்.

"நான் ஒண்ணுமே பண்ணாம இருந்திருந்தா, நீ தேறியிருப்பியா?"

அவள் சீரியஸாக யோசித்தாள்.

"சொல்ல முடியாது பா. அதுக்கு இன்னொரு அப்பா வேணும். பயப்படாத அப்பா. அவரையும் அதே மாதிரி ஒரு வீட்ல வெச்சு, ரெண்டையும் கம்பேர் பண்ணினாத்தான் தெரியும்."

முகாமுக்குத் தொப்பி எங்கே வாங்கலாம் என்று பேச்சை மாற்றினேன்.